வாசகர் கேள்வி பதில்: மலை ஓடையும் பீவர் போடுற கொரம்பும்

போன இதழ்ல ஏற்காட்டு ஓடைங்க பிப்ரவரி மாசமே வத்திப் போறத பத்தி எழுதுறப்போ, வெளிநாட்டுல பீவர்னு ஒரு மிருகம் மலை ஓடைங்கள்ல தானே அணை கட்டி தண்ணிய நிறுத்தி வைக்குதுன்னு போற போக்குல ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிய பிடிச்சிக்கிட்டு இத்தன பேர் கேள்வி அனுப்புவீங்கன்னு எதிர்பாக்கல, ரொம்ப சந்தோஷமா இருக்கு. அதனால இந்த வாரம் முழுக்க பீவர்தான், பாம்பு கேள்வியும் கொசு கேள்வியும் அடுத்த இதழுக்கு.

என் பையன் மூணாவது படிக்கிறான். பீவர் மரத்த கடிச்சு சாய்க்கிற வீடியோவ யூடியூப்ல பாத்துட்டு, ஏற்காடு போனா இத பாக்கலாமான்னு ஒரே நச்சரிப்பு. அவங்க அப்பா, அது நம்ம நீர்நாய்தான், காவிரியில இருக்குங்கறாரு. யார் சொல்றது சரி? – ஒரு வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

ரெண்டு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் திருத்தம் இருக்குங்க. பீவர் ஏற்காட்டுல இல்ல, இந்தியாவுலயே எந்தக் காட்டுலயும் இல்ல. உலகத்துல ரெண்டே வகைதான், ஒண்ணு வட அமெரிக்காவுல, இன்னொண்ணு ஐரோப்பாவும் ஆசியாவோட வடக்குப் பக்கமும். அவங்க அப்பா சொல்ற நீர்நாய் வேற, அது காவிரியில ஒகேனக்கல் பக்கம் நெஜமாவே இருக்கு, ஆனா அது மீனு நண்டு பிடிச்சு தின்னுற பிராணி, மரத்த தொடாது, அணையும் கட்டாது. பீவர் எலி, அணில், முள்ளம்பன்றி இதுங்களோட சொந்தக்காரன், அதனாலதான் தமிழ்ல நீரெலின்னு எழுதுறாங்க. எலின்னதும் சின்னதா நெனைக்க வேணாம், நல்லா வளந்தது 20 கிலோ, சிலது 30 கிலோ கூட இருக்கும், நம்ம வீட்டு ஆட்டுக்குட்டிய விட கனம்.

பையன்கிட்ட சொல்றதுக்கு ஒரு நல்ல விஷயம், பீவர் சுத்த சைவம். மீன தொடவே தொடாது. மரப்பட்டைக்கு உள்ள இருக்கற பச்சைத் தோலு, இலை, தண்ணியில வளர்ற செடி கெழங்கு, இதான் சாப்பாடு. முன் பல்லு நாலும் ஆரஞ்சு கலர்ல இருக்கும், அழுக்குன்னு நெனச்சிருப்பான், கெடையாது, பல்லோட மேல்பூச்சுலயே இரும்புச் சத்து இருக்கு, அதான் அந்த நெறம், அந்த உறுதி. பல்லு சாகற வரைக்கும் வளந்துகிட்டே இருக்கும், கடிக்க கடிக்க தேயும், பின் பக்கம் மெதுவா இருக்கறதால சீக்கிரம் தேஞ்சு முன் பக்கம் உளி மாதிரி கூரா நிக்கும். உதடு அந்தப் பல்லுக்குப் பின்னாடி மூடிக்கும், அதனால தண்ணிக்குள்ளயே குச்சி கடிச்சாலும் தொண்டைக்குள்ள தண்ணி போகாது. வால் மட்டும் தோசைக்கரண்டி மாதிரி தட்டையா இருக்கும். அந்த வால வச்சி கொத்தனார் கரண்டி மாதிரி மண்ணு பூசும்னு நெறைய பேர் சொல்வாங்க, அது தப்பு. நீந்தறப்போ திருப்பறதுக்கும், ஒக்காந்து மரம் கடிக்கறப்போ முட்டு குடுக்கறதுக்கும், ஆபத்துன்னா தண்ணி மேல பட்டுனு அடிச்சு குடும்பத்துக்கு சேதி சொல்றதுக்கும்தான் வால்.

நான் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறேன் சார். எந்த எடத்துல கட்டணும், எவ்ளோ ஒயரம்னு அதுக்கு எப்படி தெரியுது? நாங்க நாலு வருஷம் படிச்சும் டிசைன் பண்ண தெணர்றோம். – ஒரு மாணவர், ஓமலூர்

தம்பி, அது கணக்கு போடல, காதால கேக்குது. 1960கள்ல ஸ்வீடன்ல லார்ஸ் வில்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் பீவர் குட்டிங்கள தனியா வளத்துப் பாத்தாரு. அப்பா அம்மா அணை கட்டறத ஒரு தடவ கூட பாக்காத குட்டிங்க, ஓடுற தண்ணி கெடச்சதும் தானே கட்ட ஆரம்பிச்சுது. அதுக்கு மேல போயி, ஓடுற தண்ணி சத்தத்த டேப் பண்ணி ஸ்பீக்கர்ல போட்டப்போ, தண்ணியே ஓடாத எடத்துல குச்சிய இழுத்தாந்து அடுக்குச்சு. சலசலன்னு எங்க சத்தம் வருதோ அங்க ஓட்ட இருக்குன்னு அதோட உள்ளுணர்வு சொல்லுது, அத அடைச்சிரணும், அவ்ளோதான் கணக்கு. தண்ணி மட்டம் ஏற ஏற ஓரத்துல வழியும், அங்க சத்தம் வரும், அங்க போயி நீட்டும், இப்படி நீட்டி நீட்டித்தான் வளைஞ்சு வளைஞ்சு போகும் அந்த அணை.

கட்டற முறைய பக்கத்துல இருந்து பாத்தா நீங்க ரசிப்பீங்க. மொதல்ல ஓடை குறுகலா, தரை சமமா இருக்கற எடமா பாத்து கல்லும் கனமான கட்டையும் போட்டு அடித்தளம், அப்பறம் கிளைங்கள இழுத்து வந்து ஒண்ணுக்குள்ள ஒண்ணா சொருகி பின்னும், கடைசியா ஓடை அடியில இருந்து சேத்தையும் அழுகின இலையையும் ரெண்டு முன் கையால வாரி நெஞ்சோட அணைச்சு தூக்கிட்டு வந்து தண்ணி வர்ற பக்கத்துல அப்பும். தண்ணி போற பக்கத்துல பூசாது. அதனால தண்ணியோட அழுத்தமே அந்த சேத்த குச்சிக்குள்ள தள்ளி இறுக்குது, ஆனா முழுசா அடைபடறதும் இல்ல, கசிஞ்சுகிட்டே இருக்கும். உங்க காங்கிரீட் அணையில கசிவுன்னா பயம், இதுல கசிவு இருக்கறதாலதான் அணை நிக்குது.

எதுக்கு கட்டுதுன்னும் சொல்லணும். அது கட்டற வீட்டுக்கு வாசல் தண்ணிக்கு அடியில, உள்ள ஏறினா தண்ணிக்கு மேல காஞ்ச ஒரு திட்டு, உச்சியில காத்து போக வழி. ஓநாய், கரடி வந்தா தண்ணியில முங்கி வாசல் வழியா உள்ள போயிரும், 15 நிமிஷம் வரைக்கும் மூச்ச அடக்கும். வாசல் எப்பவும் தண்ணிக்குள்ள இருக்கணும்னா தண்ணி ஆழமா நிக்கணும், அதுக்குத்தான் அணை. குளிர்காலத்துல குளம் மேல பனிக்கட்டியா ஒறைஞ்சு போச்சுன்னாலும் அடியில சொருகி வச்ச கிளைங்கள ஒண்ணொண்ணா எடுத்து சாப்ட்டு பொழச்சுக்கும், தூங்கியே கழிக்கிற மிருகம் இல்ல இது. அப்பா, அம்மா, இந்த வருஷக் குட்டி, போன வருஷக் குட்டின்னு குடும்பமே சேந்து ராத்திரி வேலை பாக்கும், ரெண்டு வயசானதும் பிள்ளைங்க தனி ஓடை தேடிப் போயிரும்.

பெருசு எவ்ளோ இருக்கும்னு கேட்டீங்கன்னா, கனடாவுல ஆல்பர்ட்டா மாகாணத்துல வுட் பஃபலோ தேசியப் பூங்காவுக்குள்ள ஒரு அணை முக்கால் கிலோமீட்டருக்கும் மேல நீளம், 2007ல சேட்டிலைட் படத்துல பாத்துத்தான் கண்டுபிடிச்சாங்க, அந்த சதுப்புக்குள்ள மனுஷன் போறதே கஷ்டம். நம்ம மேட்டூர் அணையோட நீளத்துல பாதிக்கு கிட்ட வருது தம்பி, குச்சியும் சேறும் மட்டும் வச்சி!

பீவர ஏரோப்ளேன்ல இருந்து பாராசூட்ல போட்டாங்கன்னு பேரன் மொபைல்ல காட்டினான். இந்தக் காலத்துல எத நம்பறதுன்னு தெரியல. – ஒரு பெரியவர், செவ்வாய்ப்பேட்டை

இத நம்பலாங்கய்யா. 1948, அமெரிக்காவுல ஐடஹோ மாநிலம். ஜனங்க குடியேறின எடத்துல பீவர் வாய்க்கால அடைச்சு தோட்டத்துல தண்ணி ஏத்தி தொல்ல குடுத்துச்சு, அத மலைக்கு நடுவுல ஆள் நடமாட்டம் இல்லாத பள்ளத்தாக்குக்கு மாத்தணும். ரோடு கெடையாது, குதிரை, கோவேறு கழுதை மேல ஏத்திட்டு போனா பீவர் வெயில்ல செத்துப் போகுது. ரெண்டாம் உலகப் போர்ல மிச்சமான பாராசூட் இருந்துச்சு, தரையில பட்டதும் தானே தெறந்துக்கற மரப்பெட்டி ஒண்ணு செஞ்சாங்க, ஜெரோனிமோன்னு ஒரு வயசான ஆண் பீவர வச்சி திரும்ப திரும்ப போட்டு சோதிச்சு பாத்தாங்க. அப்பறம் 76 பீவர எறக்கினதுல ஒண்ணே ஒண்ணுதான் எறந்துச்சு, மத்ததெல்லாம் அங்க அணை கட்டி குடும்பம் ஆயிருச்சு.

எங்களுக்கு நாகலூர் பக்கம் அஞ்சு ஏக்கர் காப்பி, மெளகு. தோட்டத்து நடுவுல ஒரு ஓடை. ஐப்பசி கார்த்திகையில கரை தெறிக்க ஓடுது, மாசி பொறந்தா கல்லுதான் தெரியுது. எங்க தாத்தா காலத்துல சித்திரை வரைக்கும் ஈரம் இருக்கும்பாங்க. இந்த பீவர நாலு கொண்டாந்து விட்டா என்னங்க? – ஒரு விவசாயி, ஏற்காடு

உங்க ஏக்கம் எனக்கு நல்லாவே புரியுதுங்க, அந்த ஓடைங்கள நானும் வருஷா வருஷம் பாத்துட்டு இருக்கேன். ஆனா பீவர் வேணாம். சட்டப்படி முடியாதுங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும், அதோட சாப்பாடே வில்லோ, ஆஸ்பென் மாதிரி குளிர்நாட்டு மரங்க, வருஷம் பூரா தண்ணி வேற வேணும், மாசியில வத்தற ஓடையில அது எங்க போயி ஒளியும்? அதுக்கும் மேல ஒரு பெரிய பாடம் இருக்கு. 1946ல அர்ஜென்டினா அரசாங்கம் தெக்குக் கோடியில டியெரா டெல் ஃபுவேகோங்கற தீவுல கனடா பீவர் 20 கொண்டாந்து விட்டாங்க, தோல் வியாபாரம் வளரும்னு. வியாபாரம் வளரல, பீவர் வளந்துச்சு. அங்க ஓநாயும் இல்ல கரடியும் இல்ல. வட அமெரிக்காவுல வில்லோ மரத்த வெட்டினா அடிக்கட்டையில இருந்து திரும்ப துளுக்கும், பீவரும் அந்த மரங்களும் லட்சக்கணக்கான வருஷமா ஒண்ணா வாழ்ந்து பழகினது. அந்தத் தீவுல இருக்கற பீச் வகை மரம் கடிபட்டாலோ தண்ணியில நின்னாலோ செத்தே போகும், துளுக்காது. ஓடைக்கு ஓடை காடு வெள்ளையா எலும்புக்கூடு மாதிரி நிக்குது, பல்லாயிரக்கணக்குல பெருகிப் போயி சிலி நாட்டுக்குள்ளயும் நீந்திப் போயிருச்சு, இன்னிக்கு ரெண்டு நாடும் சேந்து அத ஒழிக்க போராடுது. அந்த மிருகத்து மேல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல, கொண்டு போயி விட்டது மனுஷன்.

ஆனா பீவர் செய்ற வேலைய நாம செய்யலாம், இத சொல்லத்தான் இந்த பதில இவ்ளோ நீளமா எழுதறேன். அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்துல பிரிட்ஜ் க்ரீக்னு ஒரு ஓடை, வெள்ளம் அரிச்சு அரிச்சு பள்ளமா போயி, சுத்து நிலத்து ஈரமெல்லாம் அந்த பள்ளத்துல வடிஞ்சு போயிட்டு இருந்துச்சு. அங்க 2009ல இருந்து ஓடைக்கு குறுக்க மரக்குச்சிய வரிசையா அடிச்சு, நடுவுல வில்லோ கிளைய பின்னி, பீவர் கட்டற மாதிரியே 100க்கு மேல தடுப்பு போட்டாங்க. கொஞ்ச நாள்ல பக்கத்து பீவருங்களே வந்து அத பிடிச்சு மேல கட்ட ஆரம்பிச்சிருச்சு. வண்டல் சேந்து ஓடை அடி மேல ஏறுச்சு, ரெண்டு பக்கமும் நெலத்தடி தண்ணி ஏறுச்சு, ஸ்டீல்ஹெட்னு ஒரு மீன் வகை பெருகுச்சு, 2016ல அத ஆய்வுக் கட்டுரையா போட்டாங்க.

இது நமக்கு புதுசான்னா, இல்லவே இல்ல. காவிரிக் கரையில நாமக்கல், கரூர் பக்கம் போயி கேளுங்க, கொரம்புன்னு சொல்வாங்க. ஆத்துல தண்ணி கொறையறப்போ செடி கொடி, மண்ணு, புல்லு, மூட்டை போட்டு குறுக்க தற்காலிகமா அணைச்சு வாய்க்காலுக்கு தண்ணிய திருப்பறது. வெள்ளம் வந்தா அடிச்சுட்டு போகும், அடுத்த வருஷம் திரும்ப போடுவாங்க, யாரும் அழ மாட்டாங்க. பீவர் அணையும் ஒரு கொரம்புதாங்க, ராத்திரி ராத்திரி ரிப்பேர் பாக்கற கொரம்பு.

போன மாசி கடைசியில மஞ்சக்குட்டை தாண்டி ஒரு தெரிஞ்சவங்க தோட்டத்துல ஓடை வழியா நடந்து எறங்கினேன். கல்லு, கல்லு, காஞ்ச சில்வர் ஓக் எல, வேற ஒண்ணும் இல்ல, காலுக்கடியில மொறுமொறுன்னு சத்தம் மட்டும். ஒரு வளைவுல திரும்பினா, மழையில சாஞ்ச ஒரு கிளை ரெண்டு பாறைக்கு நடுவுல மாட்டி, அதுல எலையும் வேரும் சுள்ளியும் வந்து அடைஞ்சு முழங்கால் ஒயரத்துக்கு ஒரு மெத்தை மாதிரி ஆயிருந்துச்சு. அதுக்கு மேல் பக்கம் ஒரு முறத்தளவு குட்டை, தண்ணி! கைய விட்டேன், மணிக்கட்டு வரைக்கும் சில்லுனு இருந்துச்சு, அடியில கருப்பு வண்டல், ஓரத்துல நண்டு வளை மூணு, அதுல ஒண்ணு வாயில ஈர மண்ணு உருண்டை புதுசா தள்ளி வச்சிருந்துச்சு, தண்ணி மேல ஒட்டாம ஓடுற பூச்சி, அந்தப் பக்கத்து பாறையில பாசி பச்சை. கீழ் பக்கம் பத்தடி தூரம் மணல் ஈரமா இருந்துச்சு. யாரும் கட்டல அத. சாஞ்ச ஒரே ஒரு கிளை. நான் அரை மணி நேரம் அங்கயே ஒக்காந்துட்டேன், எந்திரிக்க மனசு வரல.

இப்ப உங்க தோட்டத்துக்கு வர்றேன். சித்திரை வைகாசியில நெழல் மரம் கழிக்கறப்போ கெடைக்கிற சில்வர் ஓக் கிளைங்கள விறகுக்கு போக மிச்சத்த என்ன பண்றீங்க? அதுல மணிக்கட்டு தடிமன் இருக்கறத கூரா சீவி, ஓடை சமமா மெதுவா ஓடற எடமா பாத்து குறுக்க ஒரு முழ இடைவெளியில அடிங்க. சரிவான எடத்துல வேணவே வேணாம், பீவர் கூட செங்குத்தான ஓடையில கட்டாது, தள்ளிட்டு போயிரும்னு அதுக்கு தெரியும். அடிச்ச குச்சிக்கு நடுவுல மெல்லிசு கிளையையும் காப்பிச் செடி கவாத்து குச்சியையும் கூடை முடையற மாதிரி முன்னும் பின்னும் பின்னுங்க. ஒயரம் முழங்காலுக்கு மேல போகக்கூடாது. தண்ணி வர்ற பக்கம் ஓடைக்கல்லு, எல, சேறு. ரெண்டு ஓரமும் கரைக்குள்ள நல்லா ஏறியிருக்கணும், இல்லன்னா தண்ணி ஓரத்த அரிச்சு புது வழி போட்டுரும், அனுபவப்பட்டவங்க எல்லாரும் மொதல்ல தப்பு பண்றது இந்த எடத்துலதான். ஒண்ணு பெருசா கட்டறதுக்கு பதிலா இருவது முப்பது அடிக்கு ஒண்ணுன்னு நாலஞ்சு சின்னதா போடுங்க, ஒண்ணு பிச்சுக்கிட்டாலும் அடுத்தது தாங்கும். சிமெண்ட் வேணாம், பிளாஸ்டிக் சாக்கு வேணவே வேணாம், அது நைஞ்சு போயி கடைசியில கிளியூர் அருவி அடியிலதான் போயி சேரும். மழை முடிஞ்சதும் போயி பாத்து பிச்சுக்கிட்டத சரி பண்ணுங்க, பீவர் தெனம் பண்றத நாம வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பண்ணணும்.

ஒரு முக்கியமான விஷயம். ஓடை உங்க பட்டாவுக்குள்ள போனாலும் ஓடைங்கறது பெரும்பாலும் புறம்போக்குதான், வனத்துறை எல்லையா இருந்தா இன்னும் கண்டிப்பு. விஏஓகிட்டயோ ரேஞ்சர்கிட்டயோ கேக்காம கை வைக்காதீங்க. கீழ வீடோ, ரோட்டுக்கு அடியில குழாயோ பக்கத்துலயே இருந்தாலும் போடாதீங்க, அடிச்சுட்டு போற குச்சி அங்க போயி அடைச்சுக்கும்.

மேல இருக்கறவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு தடுப்பு போட்டுட்டா கீழ இருக்கற எங்க கதி? திருமணிமுத்தாத்துல ஏற்கெனவே சாக்கடைதான் வருது. மழைத் தண்ணியும் வராம போயிட்டா? – ஒரு விவசாயி, ஆட்டையாம்பட்டி

அண்ணே, உங்க கோவம் நியாயம். தண்ணிய மேல புடிச்சு வச்சுக்கிட்டு கீழ விடாத சண்டை நம்ம ஊருக்கு புதுசு இல்ல, நானும் சேலத்துக்காரன்தான், எனக்கும் அந்த பயம் இருக்கு. அதனாலதான் குச்சியில முடையச் சொன்னேன், காங்கிரீட்ல கட்டச் சொல்லல. மதகு வச்ச அணைன்னா ஒருத்தன் கையில சாவி இருக்கும். முடைஞ்ச தடுப்புக்கு சாவி கெடையாது, அது பிடிக்கும் கசியும், பிடிக்கும் கசியும், மிச்சம் மேல வழிஞ்சு போகும்.

நடக்கறது என்னன்னா, மண்ணுக்குள்ள எறங்கின தண்ணி அழிஞ்சு போகல, மெதுவா ஊத்தா திரும்ப ஓடைக்கே வருது, அதுவும் மழை விட்டு பல வாரம் கழிச்சு. 2024 டிசம்பர் மொத வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில ஏற்காடு மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு வண்டிப் போக்குவரத்து நின்னதும், திருமணிமுத்தாறு பொங்கி சேலத்து தெருவுக்குள்ள வந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவ்ளோ தண்ணியும் ரெண்டு மூணு நாள்ல உங்க ஊர தாண்டி காவிரியில கலந்துருச்சு. உங்க கெணத்துக்கு அதுல எவ்ளோ மிச்சம்? அந்த மாதிரி மழைய முழங்கால் ஒயர குச்சித் தடுப்பு நிறுத்திரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன், அது எல்லாத்தையும் தாண்டித்தான் போகும். சாதாரண ஐப்பசி மழையில, நூறு ஓடையில நூறு எடத்துல கொஞ்சம் கொஞ்சம் தாமதிச்சா அந்த உச்சம் மட்டுப்படும்.

இங்கிலாந்துல இத அளந்தே பாத்தாங்க. அங்க பீவர் வேட்டையில அழிஞ்சு 400 வருஷம் ஆச்சு. டெவன் மாவட்டத்துல ஒரு ஆத்துக்கு பேரே ஆட்டர், அதாவது நீர்நாய் ஆறு, அதுல பீவர் குடும்பங்க திரும்ப வந்து குட்டி போட்டு வாழறது தெரிஞ்சதும் 2015ல இருந்து அஞ்சு வருஷம் எக்ஸிடர் பல்கலைக்கழகத்து ஆளுங்க பின்தொடந்து பாத்தாங்க. அணை இருக்கற ஓடையில வெள்ளத்தோட உச்சம் கொறைஞ்சிருந்துச்சு, மழைத் தண்ணி ஊருக்கு வர்றது தாமதமாச்சு. சில விவசாயிங்க வயல்ல தண்ணி ஏறி நஷ்டமும் ஆச்சு, அதையும் மறைக்காம எழுதினாங்க. நஷ்டம் வர்ற எடத்துல அணைக்குள்ள ஒரு குழாய சொருகி விட்டா தண்ணி ஒரு மட்டத்துக்கு மேல ஏறாது, குழாய் வாய் தண்ணிக்கு அடியில இருக்கறதால சத்தம் வராது, சத்தம் வராததால பீவரும் அத தேடி அடைக்காது. எவ்ளோ அழகான சமரசம் பாருங்க, அதோட காத வச்சே அதோட சண்டை போடாம முடிச்சுட்டாங்க. 2020ல அந்த பீவருங்க அங்கயே இருக்கலாம்னு அரசாங்கம் சொல்லிருச்சு.

சாக்கடை விஷயம் தனி, அதுக்கு பீவரும் பதில் இல்ல நானும் பதில் இல்ல. ஊருக்கு கீழ கலக்கற கழிவ நிறுத்தாம மலையில என்ன பண்ணாலும் உங்க வயலுக்கு வர்றது அதே கருப்புத் தண்ணிதான், அத நீங்க தொடர்ந்து கேட்டுகிட்டே இருக்கணும், நாங்களும் எழுதறோம்.

கோடையில சேர்வராயன் மலையில தீ பிடிக்குது. பீவர் இருக்கற எடத்துல காடு எரியாதுங்கறது உண்மையா? – ஒரு வாசகர், கன்னங்குறிச்சி

எரியாதுன்னு இல்ல, கொறைவா எரியுது. அமெரிக்காவோட மேக்குப் பக்கத்துல நடந்த அஞ்சு பெரிய காட்டுத்தீய சேட்டிலைட் படத்துல ஒப்பிட்டு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரே ஓடையில பீவர் அணை இல்லாத பகுதியில பசுமை அழிஞ்சது, அணை இருக்கற பகுதிய விட மூணு மடங்கு அதிகம். காரணம் நேரடியானது, குளமும் அது பிரிச்சு விடற வாய்க்காலும் சுத்தி மண்ண ஊற வச்சிருக்கு, செடிக்குள்ள தண்ணி இருக்கு, ஈர விறகு பத்தறது கஷ்டம். நம்ம மலையில பங்குனி சித்திரையில பீடித் துண்டுல ஆரம்பிக்கிற தீ எத்தன ஓடைய சுலபமா தாண்டிப் போகுதுன்னு கீழ இருந்தே நீங்க ராத்திரியில சிவப்பு கோடா பாத்திருப்பீங்க. ஓடையே காஞ்சு சருகு நெறஞ்சு கெடந்தா அது தீய நிறுத்தாது, தீக்கு ரோடு போட்டுக் குடுக்கும்.

பீவர் தோல்ல தொப்பி செஞ்சாங்களாமே? – அம்மாபேட்டை

ஆமா. அதோட உள் முடி அவ்ளோ நெருக்கம், ஐரோப்பாவுல பெரிய மனுஷங்க தொப்பிக்கு அதத்தான் தேடினாங்க. 1670ல ஆரம்பிச்சு கனடாவுல வியாபாரம் பண்ண ஹட்சன்ஸ் பே கம்பெனியோட முக்கியமான சரக்கே அந்தக் காலத்துல பீவர் தோல்தான். ஐரோப்பாவுலயும் ஆசியாவுலயும் 1900 வாக்குல மொத்தமே 1,200 பீவர்தான் மிச்சம் இருந்துச்சு. பாதுகாத்து திரும்ப விட்டதுல இன்னிக்கு 10 லட்சத்த தாண்டியாச்சு. கனடாவுக்கு 1975ல இருந்து சட்டப்படி தேசியச் சின்னமே பீவர்தான்.

நான் எட்டாவது படிக்கிறேன். எங்க ஸ்கூலுக்கு பின்னாடி ஓடையில ஒரு மரம் சாஞ்சு கெடக்கு. அதுல குப்பை அடையுதுன்னு வெட்டி எடுக்கப் போறாங்களாம். எடுக்கணுமா வேணாமா? – ஒரு மாணவி, ஏற்காடு

கண்ணு, இந்த வாரம் வந்ததுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி உன்னோடது. மொதல்ல நீ உங்க சாரயோ டீச்சரயோ கூட்டிட்டு ஓடைய ஒட்டி கீழ் பக்கம் நடந்து போ, தனியா போகாத, மழை பெய்யறப்போ போகவே கூடாது. கொஞ்ச தூரத்துலயே பாலமோ ரோட்டு குழாயோ வீடோ இருந்தா, மரம் நகந்து போயி அங்க மாட்டி தண்ணி ஊருக்குள்ள வரும், அப்ப எடுக்கறதுதான் சரி. அந்த மாதிரி எதுவும் இல்ல, ரெண்டு பக்கமும் தோட்டமோ காடோதான்னா, பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் மட்டும் பொறுக்கிட்டு மரத்த அப்படியே விடச் சொல்லி பெரியவங்ககிட்ட கேளு, இந்த பக்கத்த கொண்டு போயி காட்டு. எலையும் சுள்ளியும் குப்பை இல்ல, அதுலதான் நண்டும் தவக்களையும் குடியிருக்கும்.

அப்பறம் ஒரு வேலை. பொங்கல் லீவு முடிஞ்சதும் மரத்துக்கு மேல் பக்கம் தண்ணி நிக்கிற எடத்துல ஒரு மூங்கில் குச்சிய நட்டு, ஸ்கேல் வச்சி சென்டிமீட்டர் கோடு போட்டு, வாரா வாரம் வெள்ளிக்கெழமை தண்ணி எந்த கோட்டுல நிக்குதுன்னு நோட்டுல குறிச்சு வை. மரம் இல்லாத எடத்துல, ஒரு இருவது அடி மேல, இன்னொரு குச்சி. ரெண்டுல எது மொதல்ல காயுது, எந்த தேதியிலன்னு சித்திரையில எனக்கு எழுது.